வேடமும் வழிபாடும்

நற்செய்தியில் நம் ஆண்டவர் மிகக் கடுமையாகச் சாடியது வரிதண்டுவோரை அல்ல, விலைமகளிரையும் அல்ல, வெளிவேடக்காரரையே. மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல் சவுக்கடிபோல் மீண்டும் மீண்டும் விழுவதைக் கேட்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே நிற்பது 'ஹிப்போக்ரித்தேஸ்' என்னும் சொல். கிரேக்க நாடக மேடையில் முகமூடி அணிந்து, மற்றொருவராக நின்று பேசிய நடிகனுக்கு வழங்கிய பெயர் அது. அதைத் தமிழாக்கியோர் 'வேடம்' என்னும் சொல்லைத் தேர்ந்தபோது மூலத்தின் நாடக வாடையையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டனர். வள்ளுவரும் கூடாவொழுக்கம் பற்றிப் பேசுமிடத்தில், தவக்கோலம் பூண்ட வஞ்சகனைப் புலித்தோல் போர்த்து மேயும் பசுவாகவே காண்கிறார். நடிப்புக்கும் பொய்ம்மைக்கும் உறவு உண்டு என்னும் ஐயம் மனிதகுலத்துக்குப் பழையது.

அந்த ஐயத்தை நம்மீதே திருப்பினால் என்ன ஆகும்? ஞாயிறுதோறும் நாம் குறித்த நேரத்தில் எழுகிறோம், அமர்கிறோம், முழந்தாளிடுகிறோம். எவரோ எப்போதோ எழுதிய சொற்களை நம் சொற்கள்போல் உரைக்கிறோம். 'என் பாவமே' என்று மார்பில் தட்டும் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, மனம் வீட்டுக் கடனையோ மகளின் திருமணத்தையோ எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் நாமும் நடிக்கிறோமா? மனம் ஒன்றாத வழிபாடு வெளிவேடந்தானா? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. நேர்மையான உள்ளங்கள் பல, 'உள்ளே ஒன்றுமில்லாமல் கோவிலுக்குப் போவது பொய்' என்று கருதியே கோவில் வாசலை விட்டு விலகியிருக்கின்றன.

இக்கேள்விக்கு விடை தேடும் வழியில், நாம் எதிர்பாராத ஓரிடத்தில், ஒரு பல்கலைக்கழகத் துறையில், சற்றே நின்று பார்ப்பது பயன் தரும்.

ஒரு துறையின் கதை

அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கென ஒரு மேற்படிப்புத் துறை இருந்தது. 1967-இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் ரிச்சர்ட் செக்னர். நாடக இயக்குநர்; நாடகக் கோட்பாட்டாளர். நாடகம் என்றால் எழுதப்பட்ட பனுவல், அதைப் படித்து ஆராய்வதே புலமை என்றிருந்த நிலையை அவரும் அவர் தோழர்களும் மாற்றினர். 1980-இல் அத்துறை 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்டடீஸ்', அதாவது நிகழ்த்துதல் ஆய்வு, என்னும் புதுப் பெயர் பெற்றது. மேடை நாடகத்தோடு சடங்கு, விளையாட்டு, ஊர்வலம், நீதிமன்ற விசாரணை, அரசியல் மாநாடு, இழவு வீட்டு ஒப்பாரி ஆகிய அனைத்தையும் மனிதர் பிறர்முன் நிகழ்த்தும் செயல்கள் என்ற ஒரே கண்ணோட்டத்தில் அது ஆராய்ந்தது. மானிடவியல், சமூகவியல், மொழித் தத்துவம், உளவியல் ஆகிய துறைகளின் எல்லைக்கற்களை அது பொருட்படுத்தவில்லை. அதே பத்தாண்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும், இலக்கியத்தை வாய்விட்டு ஓதி உணரும் பயிற்சியிலிருந்து வளர்ந்த ஒரு துறை இதே பெயரைத் தாங்கியது.

செக்னரின் கோட்பாட்டில் நமக்கு வேண்டியவை இரண்டு. நிகழ்த்துதல் என்பது எப்போதும் 'இரண்டாம் முறை' செய்யப்படும் செயல் என்பது ஒன்று. முன்பே எங்கோ வாழ்ந்த நடத்தையை எடுத்து, பயின்று, மீண்டும் நிகழ்த்துகிறோம். முற்றிலும் முதன்முறையாக எதையும் நிகழ்த்துவதில்லை. மற்றொன்று, நடிப்பவனின் விந்தையான நிலை பற்றியது. ஹாம்லெட்டாக நடிப்பவன் ஹாம்லெட் அல்லன். ஆயினும் அந்நேரத்தில் அவன் ஹாம்லெட் அல்லாதவனும் அல்லன். இரண்டு மறுப்புகளுக்கும் நடுவே அவன் நிற்கிறான். காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் ஒரு மாத காலம் நிகழும் ராம்லீலாவை செக்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அங்கே இராமனாகவும் சீதையாகவும் வேடம் பூணும் சிறுவர்களை மக்கள் வணங்குவதையும் அவர் இந்தக் கண்ணோட்டத்திலேயே நோக்கினார்.

இவற்றையெல்லாம் படிக்கும் கத்தோலிக்கர் ஒருவருக்கு உள்ளூர ஓர் அச்சம் எழுவது இயல்பே. ஆராயப்படும் நிகழ்வுகளின் பட்டியலில் திருப்பலியும் இருக்கிறது. கால்பந்துப் போட்டிக்கும் மேடைக் கூத்துக்கும் நடுவே நம் பலிபீடத்தையும் நிறுத்திவிட்டார்களே என்று நாம் வருந்தலாம். ஆனால், ஒன்று நிகழ்த்துகலையாகவே 'இருப்பது' வேறு, அதனை நிகழ்த்துதலாகக் 'கருதி' ஆராய்வது வேறு என்று அத்துறையினரே பிரித்துச் சொல்கின்றனர். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதால் மனிதன் வெறும் நாடித்துடிப்பு ஆகிவிடுவதில்லை. நம் வழிபாட்டின் வெளியுருவை மட்டும் கூர்ந்து பார்ப்பவர், நாம் பழகிப்போனதால் காணத் தவறியதைக் காட்டவும் கூடும்.

வாசற்படியில் நின்றவர்

அவ்வாறு காட்டியவர் விக்டர் டர்னர். 1920-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர்; அவர் அன்னை ஒரு நடிகை. இன்று சாம்பியா எனப்படும் நாட்டில் நிடெம்பு மக்களிடையே 1950-களில் தம் மனைவி ஈடித்துடன் தங்கி, அவர்தம் சடங்குகளை ஆராய்ந்தார். பொதுவுடைமைக் கருத்தில் ஊறியிருந்த அவ்விருவரும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தனர். சடங்கை வெறும் மூடப்பழக்கம் என்று ஒதுக்க முடியாது, அதில் மனிதரை மாற்றும் ஏதோ ஒன்று உண்டு என்று ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் கண்டுகொண்ட அறிவு, அவர்களைத் திருவழிபாட்டின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது எனலாம்.

வாசல் என்ற சொல்லை நாம் எண்ணியே ஆள்கிறோம். பிறப்பு, பருவமடைதல், திருமணம், இறப்பு முதலிய சடங்குகளுக்குப் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என மூன்று படிகள் உண்டு என்று 1909-இல் ஆர்னால்டு வான் ஜெனப் எழுதினார். டர்னர் அதன் நடுப்படியை எடுத்து விரித்தார். வாசற்படியில் நிற்பவர் வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. பழைய பதவி, பட்டம், உடை எல்லாம் களையப்பட்ட அந்நிலையில் மனிதர் ஒருவரையொருவர் வெறும் மனிதராகச் சந்திக்கின்றனர். தலைவன், தொண்டன் என்ற பிரிவு தற்காலிகமாக உதிர்ந்து ஓர் ஆழ்ந்த தோழமை மலர்கிறது. 1969-இல் வெளிவந்த அவரது 'சடங்கின் செயல்முறை' என்ற நூல் இதை விளக்கியது. பின்னாளில் செக்னரும் அவரும் நண்பர்களாகி, சடங்கிலிருந்து நாடகத்துக்கும் நாடகத்திலிருந்து சடங்குக்கும் செல்லும் பாதைகளைச் சேர்ந்தே தேடினர்.

டர்னரும் ஈடித்தும் 1982-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு வகுப்பறைச் செய்தி வருகிறது. வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவர்கள், அந்த வட்டாரத்துத் திருமணச் சடங்கை ஆராயும் பொருட்டு, ஒரு பொய்த் திருமணத்தை நடத்திப் பார்த்தனர். மணமகன், மணமகள், இருவர்தம் பெற்றோர், உறவினர் என ஆளுக்கொரு வேடம். டர்னரின் வீட்டு நிலவறையே கோவில். வாக்குறுதிகள் கூறப்பட்டன; பின்னர் விருந்தும் நடந்தது. அதில் பங்குகொண்டோர் பலருக்கு, தாம் உண்மைத் திருமணம் ஒன்றில் இருப்பதாகவே தோன்றிவிட்டது!

நாம் இங்கே நின்று சிந்திக்க வேண்டும். அங்கே சொற்கள் இருந்தன, உடை இருந்தது, சாட்சிகள் இருந்தனர், உணர்ச்சியும் இருந்தது. ஆயினும் அது திருமணம் அன்று. மாறாக, நம் பங்குக் கோவிலில் ஒரு பெண் அச்சத்தாலும் களைப்பாலும் ஒன்றையும் உணராமல், உதடு உலர்ந்து, 'சம்மதம்' என்று கூறுகிறாள், அது திருமணம். ஆகவே, மெய்யையும் வேடத்தையும் பிரிக்கும் கோடு உணர்ச்சியில் இல்லை. நாடக உலகமே இதை அறியும். மிகச் சிறந்த நடிகன் எதையும் உணராமலே பிறரை அழவைப்பவன் என்றார் பிரெஞ்சு அறிஞர் திதரோ. உள்ளத்தில் உணராமல் மேடையில் உண்மை பிறவாது என்றார் இரசிய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. மேடைக்கே தீராத வழக்கை வழிபாட்டுக்கு அளவுகோலாக்க முடியுமா?

விளையாட்டில் ஒரு திருமுழுக்கு

திருச்சபை இக்கேள்வியைப் பல்கலைக்கழகங்களுக்கு வெகுகாலம் முன்பே சந்தித்தது. பழங்காலத் திருச்சபைக்கு நாடகம் பகை. தெர்த்துல்லியன் காட்சிகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். ஏறக்குறைய 305-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் எல்விராவில் கூடிய சங்கம், கூத்தர்கள் தம் தொழிலைக் கைவிட்ட பிறகே நம்பிக்கையில் சேரலாம் என்று விதித்தது. அதே காலத்தைப் பற்றி மரபில் ஒரு கதை வழங்குகிறது. தியோக்கிளேசியன் பேரரசன்முன் கிறிஸ்தவரின் திருமுழுக்கை ஏளனம் செய்து நடித்த கெனேசியு என்னும் நடிகன், மேடையிலேயே மனம் மாறி, அதற்காக உயிரையும் கொடுத்தான் என்பது அக்கதை. அவனே பின்னர் நடிகர்களின் பாதுகாவலனாகப் போற்றப்பட்டான்.

வரலாற்றாசிரியர் ருஃபீனு மற்றொரு செய்தி தருகிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாந்தர், கடற்கரையில் சிறுவர்கள் திருமுழுக்கு விளையாட்டு ஆடுவதைக் கண்டார். ஆயராக நடித்தவன் பிற்காலத்தில் புனிதராகிய அத்தனாசியு. சிறுவர்களை அழைத்து விசாரித்த ஆயர், உரிய கேள்விகளும் உரிய சொற்களும் வழுவாதிருந்ததைக் கண்டு, அத்திருமுழுக்கை மீண்டும் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தாராம். இது நிகழ்ந்ததா என்று அறிஞர் ஐயுறுகின்றனர். ஆனால், அக்காலத்தில் இப்படியொரு கேள்வி மக்கள் மனத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. புனித அகுஸ்தீனாரே திருமுழுக்கைப் பற்றிய தம் நூலில் இதை எழுப்புகிறார்: மேடையில் விளையாட்டாகத் தரப்பட்ட திருமுழுக்கு செல்லுமா? எவ்வளவோ சிக்கல்களை அறுத்துத் தீர்த்த அந்த மாமேதை, இங்கே துணிந்து முடிவு கூறவில்லை. ஒருமனப்பட்டு மன்றாடி இறைவனின் தீர்ப்பையே வேண்டிப் பெற வேண்டும் என்ற கருத்தில் நின்றுவிடுகிறார். அந்தத் தயக்கத்தில் எத்துணை மரியாதை இருக்கிறது!

பின்னர் 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் ஓர் அளவுகோல் தந்தது. அருட்சாதனத்தை நிறைவேற்றும் பணியாளரிடம், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தேனும் இருத்தல் வேண்டும். அவர் புனிதராக இருக்க வேண்டும் என்றோ, உள்ளம் உருக வேண்டும் என்றோ சங்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தத் தாயும் தன் குழந்தை மெய்யாகவே திருமுழுக்குப் பெற்றதா என்று அறிய முடியாமல் தவித்திருப்பாள். இறைவனின் கொடை மனிதரின் மனநிலையைச் சார்ந்து நிற்பதில்லை என்பது எளியோருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

சொல்லே செயலாகும்போது

1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜே. எல். ஆஸ்டின் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் ஆற்றிய சொற்பொழிவுகள், பின்னர் நிகழ்த்துதல் ஆய்வுக்கு அடித்தளங்களுள் ஒன்றாயின. சில சொற்கள் செய்தியைக் கூறுவதில்லை, செயலையே செய்கின்றன என்றார் அவர். மணவிழாவில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பது ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய அறிக்கை அன்று, அதுவே நிகழ்ச்சி. ஆனால், அதே சொல் மேடையில் உரைக்கப்பட்டால் உள்ளீடற்றுப் போகும் என்று ஆஸ்டின் விலக்கு வைத்தார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதா 1971-இல் இதை மறுத்தார். எந்த வாக்குறுதியும் முன்பே பலர் சொன்ன வாய்பாட்டைத் திரும்பச் சொல்வதால்தான் வாக்குறுதியாகிறது; ஆகவே மேடைக்கும் வாழ்வுக்கும் இடையே அவ்வளவு உறுதியான சுவர் எழுப்ப முடியாது என்பது அவர் வாதம்.

நம் நம்பிக்கைக்கு இந்த வாதம் புதிதன்று. திருச்சபையின் செபங்களெல்லாம் இரவல் சொற்களே. 'இதை என் நினைவாகச் செய்யுங்கள்' என்ற கட்டளையே மீண்டும் செய்தலைப் பற்றியதுதான். இரவல் சொல்லால் உண்மை பேச முடியாது என்றால், தாயிடம் கேட்டுக் கற்ற மொழியில் நாம் எதையும் உண்மையாகச் சொல்லவே முடியாது. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதைச் சொன்னபின் நாம் அதற்குப் பொறுப்பேற்கிறோமா என்பதே கேள்வி.

அந்தப் பொய்த் திருமணத்துக்கும் மெய்த் திருமணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலனாகிறது. மறுநாள் காலை அந்த மாணவர்கள் வேடத்தைக் களைந்து வகுப்புக்குச் சென்றனர். கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டனர். அதில் தவறில்லை, எல்லாருக்கும் தெரிந்தே செய்த நடிப்பு அது. கோவிலில் வாக்களித்தவரோ திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 1101) இதையே வேறு வகையில் கூறுகிறது. உதடு சொன்னதை உள்ளமும் விரும்புகிறது என்றே திருச்சபை கொள்ளும். ஆனால், ஒருவர் தம் விருப்பத்தின் உறுதியான செயலால் திருமணத்தையே உள்ளுக்குள் விலக்கினால், அது செல்லாது. உணர்ச்சி இல்லாமை அதைச் செல்லாததாக்குவதில்லை. கொடுக்க மறுக்கும் மனமே அப்படி ஆக்குகிறது.

ஒரு புன்னகையின் கதை

கொல்கத்தாவின் அன்னை தெரேசா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் கடவுளின் உடனிருப்பை உணரவில்லை. செபத்தில் வெறுமை, உள்ளத்தில் இருள். தம் புன்னகை எல்லாவற்றையும் மூடும் போர்வை என்று அவரே எழுதியிருந்தார். தம் இதயமே இறையன்பில் திளைப்பதுபோல் பிறரிடம் பேசியதைக் குறிப்பிட்டு, கேட்டிருந்தால் வெளிவேடம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்ற கருத்தில் ஒருவருக்கு எழுதினார். அவர்மேல் பிறர் சுமத்தக்கூடிய மிகக் கொடிய குற்றத்தை அவரே தம்மேல் சுமத்திப் பார்த்திருக்கிறார்.

அப்புன்னகை நடிப்பா? ஒரு வகையில் ஆம். உள்ளே இல்லாத ஒளியை முகத்தில் ஏந்தினார். ஆனால், அவர் எதையாவது தமக்கென வைத்துக்கொண்டாரா? விடியற்காலையில் எழுந்தார், செபித்தார், புழு அரித்த உடல்களைக் கழுவினார். உணர்ச்சி தர மறுத்ததை மன உறுதியால் கொடுத்தார். வெளிவேடக்காரன் இல்லாத பக்தியைக் காட்டிப் புகழைப் பெறுகிறான். அவரோ இல்லாத இன்பத்தைக் காட்டித் தம்மையே கொடுத்தார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த இருளையும் சேர்த்தே பீடத்தில் ஏற்றியது.

மனம் வறண்டு, பழக்கத்தின் வலிமையால் மட்டும் செபமாலை உருட்டும் நம் இல்லத்து மூதாட்டியும், பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு மறு ஞாயிறு எதையும் நம்ப முடியாமல் கோவிலில் வந்து அமரும் தந்தையும் வெளிவேடக்காரர் அல்லர். அவர்கள் தம் உடலைக் கொண்டுவந்து இறைவன்முன் வைக்கின்றனர். மனம் பின்னால் வரட்டும் என்று காத்திருக்கின்றனர்.

கதவுக்கு வெளியே

ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. வறண்ட உள்ளம் வெளிவேடம் அன்று என்றால், கனிந்த உள்ளம் வெளிவேடத்துக்கு எதிரான சான்றும் அன்று. திருப்பாடலில் கண் கலங்கி, கல்வாரிச் சிந்தனையில் விம்மி அழுதவர், மறுநாள் தம் வயலில் உழைத்தவரின் கூலியைக் குறைக்கலாம்.

பவுலடியார் கொரிந்தியரிடம் கண்டது இதைத்தான். வசதி படைத்தோர் உண்டு குடித்து மயங்க, ஏழைகள் பசியோடிருந்தனர். அவர்கள் கூடி உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று சொல்லும் அளவுக்கு அவர் சீறினார். டர்னர் கண்ட தோழமை, வாசற்படியில் எல்லாப் பிரிவுகளையும் உதிர்ப்பது. அது நீடிப்பதில்லை, சடங்கு முடிந்ததும் பழைய அமைப்பு திரும்பிவிடும் என்பதையும் அவரே கண்டார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கராகிய நாம் இதைப் படிக்கும்போது தலை குனியாமலிருக்க முடியாது. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டவர்களுக்கு, இறந்தபின் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் என்னும் இழிவை நம் ஊர்கள் சில அறியும். சமாதானம் கூறிக் கைகூப்பிய சில நிமிடங்களில், அதே மனிதரின் தெருவழியே தேர் வரக்கூடாது என்று வாதாடியதும் உண்டு. அங்கே இறைவனின் பங்கு நடிப்பு அன்று. அவர் மெய்யாகவே தம்மைக் கொடுக்கிறார். நடிப்பு நம் பக்கம்தான். நாம் பூண்ட சகோதர வேடத்தை வாசலிலேயே களைந்து விடுகிறோம், அந்த மாணவர்களைப்போல. அவர்களுக்கு அது பாடம். நமக்கு அது பாவம்.

நாடகத்தைக்கூட நாம் இவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியின் ஓபராமர்காவ் சிற்றூரார், கொள்ளைநோயின் நடுவே 1633-இல் செய்த நேர்ச்சைப்படி 1634-இல் ஆண்டவரின் பாடுகளை முதன்முதலில் நடித்தனர். பத்தாண்டுக்கு ஒருமுறை அது தொடர்கிறது. 2020-இல் நடக்க வேண்டியது தொற்றுநோயால் தள்ளி 2022-இல் நடந்தது. நடிப்போர் ஓராண்டுக்கு மேலாக முடியும் தாடியும் வளர்க்கின்றனர். ஆயினும் அந்நாடகம் நெடுங்காலம் யூதர்மீது வெறுப்பை விதைத்ததென்ற உண்மையை அவ்வூர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் பனுவலை வெகுவாகத் திருத்தினர். மேடையில் பேசியதற்கும் மேடைக்கு வெளியே பொறுப்பு உண்டு என்று ஓர் ஊரே ஏற்றுக்கொண்டது. நம் கடலோர ஊர்களிலும் பாஸ்கா நாடகங்களும் கூத்துகளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், பாடுகளின் நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. அவற்றில் இயேசுவாகவோ யூதாசாகவோ நின்றவர் வேடம் களைந்த பின்னும் அந்நினைவைச் சுமக்காமலா இருந்திருப்பார்?

நம் வழிபாட்டுக்கு வரும் ஆபத்து பல்கலைக்கழகத்திலிருந்து அன்று. அருளையும் நம்பிக்கையையும் அளக்க அங்கே கருவி இல்லை என்பது உண்மை. ஆனால், செயல் எவ்வளவு ஆழமாக மனிதரை வடிவமைக்கிறது என்று அது நமக்கு நினைவூட்டுகிறது. ஒளிப்பதிவாளர் சரியாகப் படம்பிடிக்கவில்லை என்று மோதிரத்தை இரண்டாம் முறை அணிவிக்கச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே இசைகிறோமே, அங்கே தொடங்குகிறது ஆபத்து. யாருக்காகச் செய்கிறோம் என்பது அந்தக் கணத்தில் இடம் மாறிவிடுகிறது. மலைப்பொழிவில், மக்கள் பார்க்க வேண்டும் என்று தெருமுனையில் நின்று செபிப்போரைப் பற்றி ஆண்டவர் கூறியதும் இதுவே: அவர்கள் தம் கைம்மாறை அப்போதே பெற்றுவிட்டனர்.

ஆகவே, 'நாம் கோவிலில் நடிக்கிறோமா?' என்ற கேள்விக்குக் கோவிலுக்குள் விடை காண இயலாது. அங்கே உள்ளம் உருகியதா, அலைபாய்ந்ததா என்பது இறைவனுக்குத் தெரியும், அவர் இரக்கமுள்ளவர். திருப்பலி முடிந்து, 'சென்று வாருங்கள்' என்று குருவானவர் அனுப்பிய பிறகு, கதவைத் தாண்டி நாம் வைக்கும் முதல் அடியில் விடை தொடங்குகிறது. யாருக்குச் சமாதானம் கூறினோமோ, அவருடைய வீட்டுத் திண்ணையில் நாம் அமர்வோமா? அவர் நம் வீட்டுக்குள் வருவாரா? திங்கட்கிழமை அதைச் சொல்லிவிடும்.